கடைசி இருபது அடிக்கான தட்டு

1

போன சனிக்கிழமை என் மகள் செல்வி கல்லூரி விடுதிக்குக் கிளம்பினாள். இங்கே அமெரிக்காவில் பதினெட்டு வயதானால் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதுதான் முறை. போகாவிட்டால் பிள்ளைக்கு ஏதோ குறை என்று அக்கம்பக்கத்தார் நினைப்பார்கள். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, பொம்பளைப் பிள்ளையை இப்படித் தனியாக அனுப்பலாமா என்று கடிதம் போட வேண்டாம். அந்தக் கடிதத்தை எனக்கு நானே தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெட்டி கட்டும்போது கட்டில்மேல் வீசி விளையாடும் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம்.

"டாடி, எது நான் எடுத்துட்டுப் போறது? ஹார்டா, சாஃப்டா?"

பிளாஸ்டிக் சரக்கில் எது நல்லது, எது கெட்டது என்று சொல்லித்தான் நான் பத்து வருஷமாகச் சோறு தின்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு அன்றைக்கு எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எழுதிவிட்டால் கொஞ்சம் தேவலையாக இருக்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் என் அப்பாவுக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் நைனாவுக்கு, வருஷத் திதி வருகிறது. அப்போதும் நான் செஞ்சியில் இருக்கப்போவதில்லை.

2

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவில் ஆங்காங்கே இரும்புக் கம்பம் நட்டு, அதன் தலையிலிருந்து சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கம்பிக் கூடை வைத்திருப்பார்கள். தூரத்தில் நின்று தட்டை வீசி, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, கூடையில் போட வேண்டும். குறைந்த வீச்சில் போட்டவர் ஜெயித்தவர். கிட்டிப்புள் மாதிரிதான், கோலும் இல்லை சண்டையும் இல்லை. தூரத்துக்கு வீச ஒரு தட்டு, கம்பத்தை நெருங்கினபின் வீச இன்னொரு தட்டு. அந்த இரண்டாவதற்கு இங்கிலீஷில் பட்டர் என்று பெயர். நான் அதைக் கடைசித் தட்டு என்பேன். செல்வியும் சிரித்துக்கொண்டே அப்படிச் சொல்லப் பழகிவிட்டாள்.

நான் வேலை பார்ப்பது பிளாஸ்டிக் வார்ப்புக் கூடத்தில். என் மனைவி வசந்தா நர்ஸ். அவளுக்குத்தான் இந்தத் தேசம் விசா கொடுத்தது. நானும் ஆறு வயதுச் செல்வியும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள். கிண்டியில் வாளியும் குடமும் வார்த்தவன் இங்கே வந்து வாளி மூடி வார்த்தேன். பிறகு சோதனை மேசைக்கு மாற்றினார்கள். வார்த்து வரும் சரக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பள்ளம், கீறல், கோணல் இருந்தால் ஒதுக்குவது என் வேலை. நேராகப் பார்த்தால் குறை தெரியாது, சாய்த்தால்தான் தெரியும். எங்கள் கூடத்துக்கு இந்தத் தட்டுகளுக்கும் ஆர்டர் வந்தது. நான் ஒதுக்கியதில் மூன்று கடைசித் தட்டுகளைச் செல்விக்கு எடுத்துவந்தேன்.

மூன்றுக்கும் ஒரே அச்சு. பிளாஸ்டிக் மட்டும் வேறு வேறு. வெள்ளை கெட்டி ரகம். விரலால் தட்டினால் டக்கென்று கேட்கும், விளிம்பு வளையாது. மரத்தில் பத்துத் தடவை மோதினாலும் போட்டது போட்டபடி பறக்கும். ஆனால் மழையிலும் குளிரிலும் கையில் நிற்காது, வழுக்கும். சங்கிலியில் வேகமாகப் பட்டால் தெறித்து வெளியே வந்துவிடும். நீலத்தில் ரப்பர் கலந்திருந்தது. அதை அச்சிலிருந்து எடுக்கும்போது துவண்டு வரும், ஆறும்வரை சமமான பலகையில் கவிழ்த்து வைக்க வேண்டும், சூட்டோடு அடுக்கினால் கோணிக்கொள்ளும். அதன் விளிம்பு ஒரே வருஷத்தில் பல்லும் சொள்ளையுமாகிவிடும். வெயிலில் தொளதொளக்கும். ஆனால் உள்ளங்கையில் ஒட்டி நிற்கும். சங்கிலியில் பட்டால் அங்கேயே அடங்கிக் கூடையில் விழும். ஆரஞ்சு இரண்டுக்கும் நடுவில். அதன் கதை வேறு, வருகிறேன்.

என் ஓட்டு எப்போதும் வெள்ளைக்குத்தான். சோதனை மேசைக்காரன் புத்தி அது. எது உருக்குலையாமல் நிற்கிறதோ அதுதான் நல்ல சரக்கு.

செல்வி ஒத்துக்கொள்ளமாட்டாள். "கடைசி இருபது அடிக்கு ஸ்ட்ராங் வேணாம் டாடி. போனா, அங்கயே நிக்கணும். அவ்ளோதான்."

3

நைனாவின் பெயர் முருகேசன். செஞ்சியில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் ஏலம் போகும் கமிட்டியில் எடை போடும் ஆளாக இருந்தார். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்வரை அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சம்பளப் பதிவேட்டில் கைநாட்டுதான். கைநாட்டு வைப்பதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. குமாஸ்தா அவர் கட்டைவிரலைத் தன் கையால் பிடித்து, மையில் தோய்த்து, காகிதத்தில் அழுத்துவார், அதுதான் பொறுக்கவில்லை. ஆட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரி வெரல புடிக்கிறான்டா என்று வீட்டில் வந்து சொன்னார். ஆட்டுக்கு யார் லாடம் அடிக்கிறார்கள் என்று அம்மா கேட்டாள்.

அன்று சாயங்காலம் என் சிலேட்டை வாங்கிக்கொண்டார். நான் அவர் பெயரைப் பெரிதாக எழுதிக்கொடுத்தேன். எங்கள் வாத்தியார் தன் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி வைப்பார். கையெழுத்து என்றால் அதெல்லாம் சேர்ந்ததுதான் என்று எனக்கு நினைப்பு. அதையும் போட்டுக்கொடுத்தேன். ஒரு மாதம் எழுதினார். முதல் கையெழுத்துப் போட்ட அன்று அரை வீசை மிக்சர் வாங்கிவந்தார். அதற்குப் பிறகு ரேஷன் கார்டிலிருந்து என் கல்யாணப் பதிவு வரைக்கும் அந்தக் கோடும் இரண்டு புள்ளியும் இல்லாமல் அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

எண்பத்தேழில் அம்மா போனாள். எண்பத்தெட்டு தை மாதம் நைனாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின, கை திரும்பவில்லை. என் தங்கை சரோஜா பக்கத்து ஊரான வல்லத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமியார், மூன்று பிள்ளைகள், கழனி வேலை எல்லாம் பார்த்துவிட்டுத் தினமும் பஸ் பிடித்து செஞ்சிக்கு வந்து அவருக்குச் சோறாக்கிப் போட்டாள். நைனாவை வல்லத்துக்கே வரச் சொன்னதற்கு, பொண்ணு கொடுத்த வூட்ல போயி நான் உக்காந்து துன்றதா என்று முடித்துவிட்டார். அவள் எனக்குப் போட்ட கடிதம் ஒரே பக்கம்தான். "அண்ணா, நான் முடிஞ்சவரைக்கும் பாக்கறேன். நீ வந்து ஒரு வழி பண்ணு."

ஒரு வழி என்று நான் முடிவு செய்தது அவரை இங்கே அழைத்துவந்துவிடுவது. வசந்தா நர்ஸ், வீட்டில் தனி அறை இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மே மாதம் நான்கு வாரம் லீவு போட்டுச் செல்வியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வசந்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

4

எல்லாவற்றுக்கும் முதலில் நைனாவுக்கு பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு ஃபாரம் வேண்டும். மெட்ராசில் வரிசையில் நின்று ஃபாரம் வாங்கி, செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் டைப் அடிக்கிறவரிடம் நிரப்பக் கொடுத்தேன். பிறந்த தேதி நைனாவுக்குத் தெரியாது. பெரிய புயல் அடித்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் என்றார். டைப் அடிக்கிறவர் கொஞ்சமும் அசராமல் ஒரு தேதி போட்டார். கடைசியில் கையெழுத்துக் கட்டத்தில் வந்து நின்றோம்.

"கை வர்லன்னா இன்னா சார்? இடது கட்ட வெரல வெச்சி ஒரு அமுக்கு. டாக்டராண்ட ஒரு சீல் வாங்கினா முடிஞ்சுது. இதுக்கெல்லாமா டென்ஷன் ஆவறது?" என்றார் அவர். மைப்பெட்டியையும் இரவலாகக் கொடுத்தார்.

இடது கை நைனாவுக்கு நன்றாகத்தான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் பலகையை வைத்து, ஃபாரத்தை விரித்து, மைப்பெட்டியைத் திறந்தேன். அவர் இடது கட்டைவிரலை உள்ளே மடக்கி, நாலு விரலையும் அதன்மேல் மூடிக்கொண்டார்.

"நான் கைநாட்டு இல்ல."

"ஒரே ஒரு தடவதான் நைனா. யாரு பாக்கப்போறாங்க?"

"ஒரு தடவ வெச்சா போதும்டா. அப்பறம் கைநாட்டுதான்."

சரோஜா அடுப்படியிலிருந்து, "அவரு புடிச்சா புடிச்சதுதான் அண்ணா, வுடு" என்றாள். நான் விடவில்லை. மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். ஒரு கட்டத்தில் பொறுமை போய் அந்த மூடிய கையைப் பிடித்து விரலைப் பிரிக்கப் பார்த்தேன். அவர் எதிர்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். குமாஸ்தாவின் நினைப்பு அப்போதுதான் எனக்கு வந்தது. கையை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து, மேல்மலையனூர் அமாவாசைக்கு நிரம்பி வழிந்து போகும் ஸ்பெஷல் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை இதுவரை வசந்தாவிடமும் சொன்னதில்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் நல்லவர். பந்து ஏதாவது வாங்கி அமுக்கச் சொல்லுங்கள், கை வரலாம், வராமலும் போகலாம் என்றார். ரப்பர் பந்து வாங்கினேன். அது நிமிஷத்துக்கு ஒரு தரம் உருண்டு ஓடியது. நான் துரத்தி எடுத்து எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நைனா பந்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்.

5

இதற்கிடையில் செல்வி. ஆறு வயதில் ஊரைவிட்டுப் போனவள் பதினேழு வயதில் திரும்பி வந்திருந்தாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. பாறை மொத்தமும் பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும் ஊர் அது. எனக்கே மறந்திருந்தது, அவள் என்ன செய்வாள். கோட்டைக்குப் போன அன்று குரங்கு ஒன்று அவள் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கியது. அதோடு வெளியே போவதை நிறுத்திவிட்டாள். நான் நைனா என்று கூப்பிடுவதைப் பார்த்து அவளும் தாத்தாவை நைனா என்றே கூப்பிட்டாள். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை.

ஒரு நாள் தோட்டத்துப் பக்கம் சங்கிலிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மாடு விற்றபின் சும்மா கிடந்த கட்டுச் சங்கிலிகளை வேப்பங்கிளையில் தொங்கவிட்டு, கீழே எருக்கூடையை வைத்து, மூன்று தட்டையும் வீசிக்கொண்டிருந்தாள். நைனா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா அது?"

"லாஸ்ட் தட்டு நைனா. பக்கத்துல வந்துட்டா இது."

"தூரமா இருந்தா?"

"அது வேற தட்டு. அது கொண்டுவரல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என்ன புரிந்ததோ.

ஆரஞ்சுத் தட்டின் கதை இங்கேதான். சரோஜா கருவாட்டுக் குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். பழைய பிரிமணை நைந்துபோயிருந்தது. சட்டி ஆடாமல் உட்கார ஏதாவது வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறாள். விளிம்பு வைத்து, வட்டமாக, மல்லாந்து கிடந்தது ஆரஞ்சுத் தட்டு. நாங்கள் போனபோது தட்டு உருகி, சட்டி பாதி உள்ளே இறங்கியிருந்தது.

"எவ்ளோ பாங்கா உக்காந்துச்சி தெரியுமா அண்ணா," என்றாள் பாவம். "நீங்கதான தட்டு தட்டுன்னு சொன்னீங்க? அமெரிக்கா தட்டு, ஒரு கொழம்பு சூடு தாங்காதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கு வந்து அன்றுதான் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போனவள் சாயங்காலம்வரை இறங்கவில்லை. அவளுடையது என்று அந்த வீட்டில் இருந்தவை அந்த மூன்றுதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சரோஜாதான் மேலே போய், அவள் தலையைப் பின்னிவிட்டு, கூட்டிக்கொண்டு வந்தாள்.

பந்து உருண்டால் தட்டு உருளாதே என்று எனக்கு யோசனை வந்தது மறுநாள். நிபுணன் அல்லவா, வெள்ளைத் தட்டை எடுத்துக்கொடுத்தேன். கெட்டியானது, பிடித்தால் பிடி கிடைக்கும் என்று விளக்கமும் சொன்னேன். கமிட்டியில் நைனாவோடு எடை போட்ட காதர் பாய் பார்க்க வந்திருந்தார். அவர் முன்னால் நைனா வலது கையால் தட்டைத் தூக்கினார். நாலு விரற்கடை தூக்கியிருப்பார். வியர்வைக் கையில் அது மீன் மாதிரி வழுக்கி, விளிம்பு நேராகக் கால் கட்டைவிரலில் இறங்கியது. நகம் கிழிந்து ரத்தம் வந்தது.

"ஒண்ணுமில்ல முருகேசு, ஒண்ணுமில்ல," என்று காதர் பாய் குனிந்து துடைத்தார். மூட்டை மூட்டையாக நெல்லைத் தராசில் ஏற்றிய கையை அவரும் பார்த்தவர். நைனா சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனார். மூன்று நாள் பின்வாசலுக்கு வரவில்லை.

6

நான்காம் நாள் செல்வி என்னைக் கேட்காமல் நீலத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போனேன்.

"அது வேணாம்மா, வெயில்ல தொளதொளன்னு கெடக்குது."

"அதான் டாடி," என்றாள். "நீ எது ஸ்ட்ராங்னு பாக்கற. நைனா கைக்கு ஸ்ட்ராங் எதுக்கு? ஒட்டணும்."

செஞ்சி வெயிலில் நீலம் வாட்டிய வாழையிலைபோலத் துவண்டிருந்தது. எங்கள் கூடத்தில் அப்படி ஒரு தட்டு மேசைக்கு வந்தால் இரண்டாம் தடவை பார்க்கமாட்டேன், ஒதுக்கிவிடுவேன். அதை அவர் மடியில் வைத்து, சரியாக மடங்காத விரல்களை ஒவ்வொன்றாக விளிம்புக்கு உள்ளே மடித்துவிட்டாள். கையை எடுத்தாள். தட்டு விழவில்லை. கெட்டித் தட்டைப் பிடிக்க விரலுக்குப் பலம் வேண்டும். இது விரல் கொடுத்த அளவுக்கு வளைந்துகொடுத்து அங்கேயே நின்றது. நைனா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பின்வாசலுக்கு வந்தார். காலையில் நூறு தரம், மாலையில் நூறு தரம் விளிம்பை அமுக்கினார். எடை போட்டவர், எண்ணிக்கை தவறமாட்டார். கடைசி வாரத்தில் செல்வி கூடையை அவர் முழங்காலுக்கு அருகில் இழுத்துவந்து, சங்கிலியையும் கிட்டத்தில் கட்டினாள். நைனா கையை இடுப்பளவு தூக்கித் தட்டை விட்டார். சங்கிலி லேசாகச் சிணுங்கியது.

"இன்னாமா, வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சி நைனா," என்றாள். என் மகள் செஞ்சிக்காரி மாதிரிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நாங்கள் புறப்படும் நாள் அவள் நீலத் தட்டை அவரிடமே விட்டுவிட்டாள். கூடவே ஒரு மார்க்கர் பேனாவும். தட்டின் அடியில் பேர் எழுதணும், காட்டில் தொலைந்தால் எடுத்தவர்கள் பேரைப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள், எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று பாதித் தமிழில் விளக்கினாள்.

"மொதல்ல பேரு எழுத வரட்டும்," என்றார்.

நான் ஃபாரத்தை எடுத்து, கையெழுத்துக் கட்டத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"இங்க நைனா. கை வந்ததும் ஒரு கையெழுத்து. சரோஜா தபால்ல சேத்துடுவா. மத்தத நான் பாத்துக்கறேன்."

அவர் குறியைப் பார்த்தார். "பாக்கலாம்," என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதர் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இத்தனை வருஷத்தில் மறந்து தொலைத்திருந்தேன். சரி என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

7

அதன்பின் சரோஜாவின் கடிதங்கள் நல்லபடியாக வந்தன. நைனா தானே சோறு பிசைந்து சாப்பிட்டார், தானே சட்டைப் பித்தான் போட்டார், காதர் பாயோடு கடைத்தெருவரை நடந்துபோய்வந்தார். ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் போட்ட பதிலில் ஒரு வரி மாறாமல் இருந்தது. கையெழுத்து ஆயிற்றா? அவள் பதிலில் அது மட்டும் இருக்காது.

ஐப்பசியில் தந்தி வந்தது. இரண்டாம் தடவை இழுத்ததில் ராத்திரியோடு முடிந்துவிட்டது. டிக்கெட்டுக்கு அலைந்து வழி தெரியும்போது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது என் சித்தப்பா மகன். பதினாறாம் நாள் அன்று நான் கூடத்தில் வாளி மூடிகளைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரன் ஏன் மொட்டை அடித்திருக்கிறாய் என்று கேட்டான். என் நைனா செத்துப்போனார் என்பதை இங்கிலீஷில் சொன்னால் அது வேறு யாரோ ஒருவருடைய அப்பா மாதிரி இருந்தது.

தை மாதம் பார்சல் வந்தது. நைனாவின் மூக்குக்கண்ணாடி, ஒரு போட்டோ, மடித்த ஃபாரம், நீலத் தட்டு. தட்டைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்க எழுத்து. விளிம்பை ஒட்டி முதலில் வெறும் கோணல் கோடுகள், பிறகு ஒற்றை எழுத்துகள், சில இடங்களில் அழிந்து அதன்மேலேயே மறுபடி எழுதியது. உள்ளே வர வர எழுத்து நிமிர்ந்திருந்தது. நட்டநடுவில் பெ. முருகேசன். கீழே கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. அதற்கும் கீழே, செஞ்சி.

ஃபாரத்தைப் பிரித்தேன். கட்டம் காலியாக இருந்தது.

எனக்கு வந்தது கோபம்தான், துக்கம் இல்லை. வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். ஃபாரத்தை மேசை இழுப்பறையில் வீசிவிட்டு, வல்லத்தில் சரோஜா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு டிரங்க் கால் போட்டேன். அவளைக் கூட்டிவர ஆள் போனார்.

"கை வந்துடுச்சே சரோஜா. ஏன் போடல? நீயாவது சொல்லக்கூடாதா?"

"சொன்னேன் அண்ணா. பாக்கலாம்னாரு."

"இங்க வந்திருந்தா பொழச்சிருப்பாரு."

இரைச்சலுக்கு நடுவில் அவள் குரல் வந்தது. அவள் அழவில்லை.

"நீ கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடுன்னுதான் கேட்ட. வர்றியா நைனான்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

நான் கேட்கவில்லை. நான்கு வாரம் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை. அவர் கை வந்தால் போதும், மனம் தானாகப் பின்னால் வரும் என்று இருந்துவிட்டேன். நான் என் மனைவிக்குப் பின்னால் வந்த மாதிரி.

8

சனிக்கிழமைக்கு வருகிறேன். செல்வியின் கேள்விக்குக் கடைசியில் பதில் சொன்னேன். விடுதி இருக்கும் ஊர் இன்னும் குளிர் அதிகம், அங்கே வெள்ளை வழுக்கும், நீலம்தான் கையில் நிற்கும், ஆனால் சங்கிலி பட்டுப் பட்டு அடியில் இருக்கும் எழுத்து உரிந்துவிடும், யோசித்து எடு என்றேன்.

அவள் நீலத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும்.

"இது உங்கிட்ட இருக்கட்டும் டாடி. நான் தொலைச்சிட்டா இங்க யாரு படிச்சி அங்க குடுப்பாங்க?"

வெள்ளையைப் பெட்டியில் வைத்து மூடினாள். வசந்தா காரை ஓட்டினாள். நான் வாசலில் நின்றேன். வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போகணும் என்று சொல்லிக்கொடுத்திருந்தோம், சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டைப் பத்திரப்படுத்தலாம் என்று இழுப்பறையைத் திறந்தேன். வீசிய இடத்திலேயே ஃபாரம் கிடந்தது. எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். பத்து வருஷப் பழக்கம், கை தானாகக் காகிதத்தை வெளிச்சத்தில் சாய்த்தது. கையெழுத்துக் கட்டத்துக்குள் ஒரு சின்ன இடம் மட்டும் பளபளப்பு இல்லாமல், லேசாகப் பஞ்சு எழும்பித் தெரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், நான் போட்டுவிட்டு வந்த பென்சில் குறி அங்கே இல்லை.

நைனா அதை ரப்பர் வைத்து அழித்திருந்தார். அதற்கு ஒரு கை காகிதத்தை அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொரு கை அழிக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்தேன். காகிதம் எங்கும் கிழியவில்லை, கசங்கவும் இல்லை.